மடக்குக் கத்தியும் ஒன்பது தையலும்

என் வலது கை ஆள்காட்டி விரலில், நடுக்கணுவுக்குச் சற்றுக் கீழே, ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. மார்கழிக் காலையில் பைக் எடுத்தால், முன் பிரேக்கைப் பிடிக்க மற்ற விரல்கள் மடங்கிய பிறகுதான் அது மடங்கும். பக்கத்து விரலிலும் ஒரு கோடு உண்டு, அது சின்னது. இரண்டுக்கும் சேர்த்து ஒன்பது தையல். வெட்டியது அரிவாளோ கொடுவாளோ இல்லை. பேன்ட் பையில் போட்டுக்கொண்டு திரிந்த, மூன்றரை அங்குல அலகுள்ள ஒரு மடக்குக் கத்தி. அதுவும் விரித்த அலகு மடங்காமல் பிடித்துக்கொள்கிற லாக் வைத்த கத்தி.

போச்சம்பள்ளியிலிருந்து சந்தூர் போகிற பக்கம் எங்கள் ஊர். அந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், எங்கே திரும்பினாலும் மா நாற்றுப் பண்ணைதான். எங்களுடையதும் ஒன்று, சின்னதுதான். மழை பிடித்தால் ஒட்டுக் கட்டுகிற வேலை. மற்ற நாளில் நான் சொட்டுநீர்க் குழாய் போடப் போவேன். இரண்டுக்குமே கத்தி இல்லாமல் கை ஓடாது. ஒட்டுக்குச்சி, பாலிதீன் நாடா, சணல், உரமூட்டைத் தையல், லேட்டரல் குழாய் என்று பொழுது சாயும்வரை எதையாவது நறுக்கிக்கொண்டே இருப்போம்.

பெரியப்பாவிடம் ஒரு ஒட்டுக் கத்தி உண்டு. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அதே கத்திதான். ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த அலகு, பித்தளை ஆணி, கறுத்துப்போன மரப்பிடி. அதுவும் மடக்குவதுதான், ஆனால் லாக் கிடையாது. பிடியின் முதுகுப்பக்கம் உள்ளே வில் மாதிரி ஒரு எஃகுப் பட்டை இருக்கும். விரித்தால் அலகை அழுத்தி நிற்க வைக்கும், வேண்டுமென்று மடக்கினால் விட்டுக்கொடுக்கும். உலகம் முழுக்கப் பேர் பெற்ற சுவிஸ் நாட்டு விக்டோரினாக்ஸ் ஆபீசர் கத்தி 1897ல் பதிவானது. இன்றைக்கும் அதன் 91 மில்லிமீட்டர் மாடலில் பெரிய அலகு இப்படி வில்லை நம்பித்தான் நிற்கிறது. இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குப் பெரியப்பாவின் கத்தி கிழட்டுக் கத்தி, அவ்வளவுதான்.

எனக்குப் புதுசு வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரையில் படுதா விரித்து டார்ச் லைட், நகவெட்டி, பூட்டு எல்லாம் வைத்திருந்த ஒருவரிடம் 250 ரூபாய்க்கு வாங்கினேன். கறுப்பு அலகு. கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் ‘டக்’ என்று விரிந்து நிற்கும். “லாக் இருக்குதுங்க, மடங்கவே மடங்காது” என்றார். அந்த ‘டக்’ சத்தத்துக்காகவே டீக்கடையில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு நூறு தடவை விரித்து மூடியிருப்பேன். அதற்கான கூலி பின்னால் வந்தது.

ஆறேழு மாதம் போனது. ஒரு தோட்டத்தில் உரம் கரைக்கிற தொட்டிக்காக, நீல நிற 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மின் மேல்மூடியை அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. ஆக்சா பிளேடு வண்டியில் இருந்தது. வண்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. நூறடி நடக்கச் சோம்பேறித்தனம். பையிலிருந்து கத்தியை எடுத்து டிரம்மில் குத்தி இறக்கி, என்னைப் பார்த்து இழுத்து அறுத்தேன். ஒரு சாண் நன்றாகவே வந்தது. அப்புறம் பிளாஸ்டிக் அலகை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டது. முன்னாலும் வரவில்லை, மேலேயும் வரவில்லை. சரி, அறுத்த வழியிலேயே பின்னால் தள்ளி எடுத்துவிடலாம் என்று பிடியை ஆட்டி ஒரு தள்ளு தள்ளினேன்.

சத்தமே வரவில்லை. விரித்தபோது வரும் அந்த ‘டக்’ மூடும்போது வராது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பிடி மட்டும் என் கையோடு வந்தது, அலகு வந்து விரல்மேல் உட்கார்ந்தது. முதலில் வலிகூட இல்லை. விரலைப் பார்த்தேன். வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அதற்கு மேல் ரத்தம் வந்து மூடிக்கொண்டது.

கூட இருந்த பையன் காப்பித்தூள் வாங்கி வர ஓடினான். தோட்டத்து அம்மாதான் தடுத்தார். துவைத்த துண்டு ஒன்றை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, இறுக்கிப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறு என்றார். மிகச் சரியான காரியம். காப்பித்தூளோ மஞ்சளோ வைத்திருந்தால், மருத்துவர் தைப்பதற்கு முன் அத்தனையையும் காயத்துக்குள்ளிருந்து கழுவி எடுத்திருக்க வேண்டும். மருத்துவமனையில் முதலில் கேட்டது, “நடுக்கணுவை நான் பிடிச்சுக்கிறேன், நுனியை மட்டும் மடக்கிக் காட்டுங்க” என்று. அடுத்து, நுனியில் இரண்டு பக்கமும் ஊசியால் லேசாகத் தொட்டு, தெரிகிறதா என்று பார்த்தார்கள். விரலை மடக்குகிற நரம்புக் கயிறு போல ஒன்று உள்ளே ஓடுகிறது, தசைநாண் என்கிறார்கள். அது முழுக்க அறுந்திருந்தால் மேல்தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட முடியாது. எனக்கு ஓரத்தில்தான் வெட்டு, கட்டை வைத்துக் கட்டியதோடு தப்பித்தேன். உங்களுக்கு இப்படி நடந்து, விரல் நுனி மடங்காமலோ மரத்துப்போயோ இருந்தால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டிடி ஊசியும் மறக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் கத்தி விற்றவரைத் திட்டித் தீர்த்தேன். லாக் என்று சொல்லி ஏமாற்றிவிட்டான் என்றேன். பெரியப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, “மடங்குற கத்திதானேடா? மடங்கத்தான் செய்யும்” என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

கையில் கட்டோடு சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில்தான் அந்தக் கத்தியைப் பிரித்தோம். மச்சான் ஓசூரில் ஒரு டூல் ரூமில் வேலை செய்கிறான், வெர்னியர் அளவுகோல் இல்லாமல் வெளியே போக மாட்டான். திருகுகளைக் கழற்றி ஒரு தட்டில் வரிசையாக வைத்தான். இந்த வகைக்கு லைனர் லாக் என்று பெயர். பிடியின் உள்பக்கம் ஒரு தகடு. அதில் ஒரு நாக்கு வெட்டி உள்நோக்கி வளைத்திருப்பார்கள். அலகு முழுக்க விரிந்ததும் அந்த நாக்கு வில்போல நகர்ந்து அலகின் அடிக்கட்டைக்குப் பின்னால் போய் முட்டுக்கொடுக்கும். பழைய யோசனைதான். 1906லேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். அந்த நாட்டு ராணுவம் சிக்னல் பிரிவு எலெக்ட்ரீசியன்களுக்குக் கொடுத்த கத்தியில் இதுதான் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்பவர், தேயத் தேயத் தானே நகர்ந்து சரிசெய்துகொள்கிற மாதிரி இதைத் திருத்தினார். அதற்கப்புறம்தான் உலகம் முழுக்கப் பரவியது. முறை நல்ல முறைதான், என் கத்தியில் இருந்தது அதன் நகல்.

மச்சான் அந்த நாக்கின் நுனியை மொபைல் வெளிச்சத்தில் காட்டினான். நாக்குக்கும் பிடிக்கும் நடுவில் பழுப்பாக ஒரு பசை. நகத்தால் சுரண்டினேன், வாசனை தெரிந்துவிட்டது. மாம்பால். காயைக் காம்போடு ஒடித்தால் பீய்ச்சுமே, தோலில் பட்டால் வெந்துபோகுமே, அதே பால் காய்ந்து பிசினாகி இருந்தது. அதன்மேல் செம்மண் தூசி. போதாததற்கு, ‘பராமரிப்பு’ என்று நினைத்து நான் உள்ளே ஊற்றிய தையல் மெஷின் எண்ணெய், தூசியை எல்லாம் சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது. அந்தப் பசை நாக்கை முழுக்க நகர விடவில்லை. அடிக்கட்டையில் அது உரசிய தடத்தைப் பார்த்தால், ஓரத்தில் ஒரு நூல் அளவுக்குத்தான் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. அந்த முனையும் சதுரமாக இல்லை, உருண்டு மழுங்கியிருந்தது. டீக்கடையில் நூறு தடவை ‘டக்’ அடித்ததன் பலன்.

அடுத்து அவன் ஒரு கணக்குப் போட்டான். அலகு சுழல்கிற ஆணியின் மையத்திலிருந்து, நாக்கு முட்டுக்கொடுக்கும் இடம் வரை 7 மில்லிமீட்டர். அதே மையத்திலிருந்து, டிரம் அலகின் முதுகைக் கவ்வியிருந்த இடம் 56 மில்லிமீட்டர். எட்டு மடங்கு. நான் 15 கிலோ விசையில் தள்ளியிருந்தால், நாக்கின்மேல் 120 கிலோ. அதைத் தாங்க வேண்டியது 1.2 மில்லிமீட்டர் தகட்டின் மழுங்கிய ஓரம். “நெம்புகோல் மாமா” என்றான். கிணற்றில் ஏற்றம் இறைத்த குடும்பம் எங்களுடையது. கடப்பாரையில் கல் புரட்டியும் இருக்கிறேன். பையில் வைத்திருந்ததும் ஒரு கடப்பாரைதான் என்று ஏனோ தோன்றவே இல்லை.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. கூர்ப்பக்கத்தால் வெட்டும்போது அந்தப் பாரம் லாக்குக்கு வருவதே இல்லை. வெட்டுகிற பொருள் அலகை மேலும் விரிக்கத்தான் பார்க்கும். அதைத் தடுப்பது பிடிக்குள் குறுக்கே இருக்கிற ஸ்டாப் பின். அலகின் முதுகில் அழுத்தம் வரும்போதுதான் லாக்குக்கு வேலை வருகிறது: குத்தி நிற்கும்போது, சிக்கியதைப் பின்னால் தள்ளும்போது, நெம்பும்போது. பெரியப்பா குச்சியை ஆப்பு மாதிரி சீவும்போது பார்த்தால், அலகு எப்போதும் ஒரே திசையில்தான் போகும். திரும்பி வரும்போது குச்சியைத் தொடாது. லாக் இல்லாத கத்தியில் அவருக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இதுதான். அந்தக் கத்தியால் எதையும் குத்தித் துளைக்கிற வேலையை அவர் செய்ததே இல்லை, அதற்கு வேறு கருவி எடுப்பார்.

லாக் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் எல்லோரும் பலத்தைத்தான் பேசுகிறார்கள். எத்தனை கிலோ தொங்கவிட்டால் உடைகிறது என்று. என் கத்தியின் லாக் உடையவே இல்லை, எதுவும் வளையக்கூட இல்லை. நழுவியது, அவ்வளவுதான். வீட்டுத் தாழ்ப்பாளை நினைத்துப் பாருங்கள். கனமான இரும்புத் தாழ்ப்பாள், ஆனால் மழைக்காலத்தில் கதவு ஊறி, துளைக்குள் அரைகுறையாக இறங்குகிறது. இன்னொன்று மெல்லிய தாழ்ப்பாள், போட்டால் ஒவ்வொரு தடவையும் முழுக்க இறங்குகிறது. ராத்திரி எதை நம்பித் தூங்குவோம்? பலம் வேறு, நம்பகம் வேறு. தூசியும் பாலும் சேறும் உள்ள இடத்தில் வேலை செய்கிற நமக்கு இரண்டாவதுதான் முதலில் வேண்டும்.

கை ஆறிய பிறகு வேறு வேறு கத்திகளை வைத்துப் பார்த்தேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள், கொஞ்சம் உண்மைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒப்பினல். பிரான்சின் சவோய் மலைப்பக்கத்தில் 1890ல் ஜோசப் ஒப்பினல் செய்த விவசாயிக் கத்தி. மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி. 1955ல் பிடியின் கழுத்தில் ஒரு வளையம் சேர்த்தார்கள். அலகை விரித்து, வளையத்தைத் திருகினால் அலகின் அடியை அது மறித்துக்கொள்ளும். வில் இல்லை, நாக்கு இல்லை. சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். மாம்பாலைத் துடைத்து எடுக்கவும் எளிது. குறையும் உண்டு. திருக மறந்தால் லாக்கே இல்லை. அடைமழையில் மரம் ஊறிப் பிடி அலகைக் கவ்விக்கொள்ளும். அப்போது பிடியின் வால் முனையைக் கட்டையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அந்த ஊர்க்காரர்களின் பழைய வித்தை. கார்பன் எஃகு வாங்கினால் மாங்காய் நறுக்கிய அன்றே அலகு கறுத்துவிடும். அது அழுக்கில்லை, வெட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஈரத்தோடு மூடி வைத்தால் மறுநாள் துரு.

அடுத்தது பேக் லாக். முதுகில் நீளமாக ஒரு பட்டை, அதன் கொக்கி அலகின் அடியில் வெட்டிய பள்ளத்தில் விழும். 1964ல் வந்த பக் 110 கத்திதான் இதைப் பிரபலமாக்கியது. கொக்கி முழுக்க விழுந்தால் நன்றாகத் தாங்கும். ஆனால் அந்தப் பள்ளம் நம்மூர்ப் புழுதிக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். ஒரு மணல், ஒரு துணுக்கு சணல் உள்ளே கிடந்தாலும் கொக்கி பாதியில் நின்றுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. ஆகவே பல்குச்சியால் பள்ளத்தைத் துழாவுவது என் வாடிக்கை. விடுவிக்கிற இடம் பிடியின் முதுகில் இருப்பதால், இறுக்கிப் பிடிக்கும்போது உள்ளங்கையே அதை அமுக்கிவிடவும் கூடும். சில கத்திகளில் அந்த இடத்தில் ஒரு குழி வைத்திருப்பார்கள், அமுக்கம் படாமல் இருக்க. வாங்கும்போது அதைத் தேடுங்கள்.

ஃப்ரேம் லாக் என்பது லைனர் லாக்கின் தடித்த அண்ணன். உள்தகடுக்குப் பதிலாகப் பிடியின் ஒரு பக்கமே நாக்காக இருக்கும். நாம் பிடிக்கிற பிடியே அதை உள்ளே அழுத்துகிறது. பெஞ்ச்மேட் கம்பெனி 1998ல் கொண்டுவந்த ஆக்சிஸ் வகையில் குறுக்கே ஒரு கம்பி ஓடி அடியை மறிக்கும். அதைத் தள்ளுவது இரண்டு மெல்லிய வில்கள். விலை நம் வேலைக்குத் தோதாக இல்லை, அதனால் ஓசூரில் ஒருவரிடம் வாங்கிப் பார்த்ததோடு சரி.

எந்த வகையானாலும் நான் பார்க்கிற முறை இதுதான். விரித்துவிட்டு முதலில் கண். லைனர் லாக் என்றால், நாக்கு அடிக்கட்டையின் அகலத்தில் கால் பங்கிலிருந்து பாதி வரைக்கும் ஏறி நிற்க வேண்டும். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஆபத்து. எதிர்ப்பக்கத் தகட்டையே தொட்டுவிட்டால் தேய்ந்து முடிந்துவிட்டது. அப்புறம் பிடியை இரண்டு பக்கவாட்டிலும் பிடித்து, அலகு மடங்கி விழும் பாதையில் ஒரு விரல்கூட இல்லாமல் வைத்துக்கொண்டு, அலகின் முதுகை மரப்பலகையில் லேசாகத் தட்டுவேன். கதவைத் தட்டுகிற அளவுக்கு, அதற்கு மேல் இல்லை. சிலர் மேசை விளிம்பில் ஓங்கி அடித்துச் சோதிப்பதைப் பார்க்கிறேன். அப்படி அடித்தால் நல்ல லாக்கின் முனையும் மழுங்கிப்போகும், நாளைக்கு நழுவப்போவதை நாமே இன்றைக்குத் தயார் செய்கிறோம். ஒரு தடவை மெதுவாக விரித்து, ஒரு தடவை வேகமாக விரித்து, இரண்டிலும் தட்டிப் பார்க்க வேண்டும். மெதுவாக விரித்தால் மட்டும் நழுவுகிற கத்திகள் உண்டு. கடைசியாக, பிடியைக் கொஞ்சம் முறுக்கி மறுபடி ஒரு தட்டு.

சுத்தம் செய்வதில் நான் கற்றது: மாம்பால் வெறும் தண்ணீருக்கு அசையாது. ஒரு துணியில் மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தொட்டு ஊறவிட்டால் இளகும். அதற்கப்புறம் பழைய டூத் பிரஷ், சோப்பு, வெந்நீர், முழுக்கக் காய வைப்பது. எண்ணெய் ஆணிக்கு ஒரே ஒரு சொட்டு. லாக் முட்டுகிற முகத்தில் எண்ணெய் இருக்கவே கூடாது, துடைத்து எடுத்துவிடுங்கள். வழுக்க வேண்டியது ஆணி, வழுக்கக் கூடாதது அந்த முகம். ஆறு மாதம் இரண்டையும் ஒன்றாக நினைத்திருந்தவன் நான்.

வாங்கும்போது இன்னொரு சின்ன விஷயம். அலகின் அடியில், பிடியை ஒட்டி, விரல் அகலத்துக்குக் கூர் வைக்காத பகுதி உள்ள கத்தியாகப் பாருங்கள். கத்தி மடங்கினால் ஆள்காட்டி விரல்மேல் முதலில் விழுவது அந்த மொட்டைப் பகுதிதான். என் கத்தியில் கடைசிவரைக்கும் கூர்.

இப்போது வண்டியில் சாயங்காலம்வரை என்கூட இருப்பது இரண்டு. நாடா, சணல், குச்சி வேலைக்கு ஒப்பினல். குத்தவோ நெம்பவோ வேண்டியிருந்தால், கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்கிய மடங்காத சின்னச் சூரி, அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை போகும். டிரம் என்றால் நூறடி நடந்து ஆக்சா பிளேடை எடுத்து வருகிறேன். ஒட்டுக் கட்டும் நாட்களில் மட்டும் பெரியப்பாவின் கத்தியைக் கேட்பேன். சில நாள் தருவார்.

அந்த 250 ரூபாய்க் கத்தியைத் தூக்கிப் போடவில்லை. பிசினெல்லாம் எடுத்துத் திரும்பப் பூட்டி, அலகின் கூரைச் சாணைக்கல்லில் முழுக்க மழுக்கிவிட்டேன். ஷெட்டில் ஆணி டப்பாவுக்குள் கிடக்கிறது. பண்ணைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் பையிலிருந்து ‘டக்’ என்று ஒரு கத்தியை எடுத்தால், அதை எடுத்துக் கையில் கொடுத்து, முதுகைப் பலகையில் பத்துத் தட்டுத் தட்டச் சொல்வேன். எட்டுத் தடவை நிற்கும், இரண்டு தடவை மடங்கும். ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் மடங்குமா மடங்காதா என்று சொல்லிவிட்டுத் தட்டு என்பேன். இதுவரை ஒருவன்கூடச் சரியாகச் சொன்னதில்லை.